'பேர்'னா கரடி மட்டும் இல்லீங்க

இங்கிலீஷ்ல 'பேர்'னு ஒரு வினைச்சொல் இருக்குல்ல, மூட்டை சுமக்குறதுக்கும் அதுதான், புள்ள பெத்துக்குறதுக்கும் அதுதான், வலிய பல்ல கடிச்சிட்டு பொறுத்துக்குறதுக்கும் அதேதான் (கரடிக்கு சொல்ற 'பேர்' வேற வேர், காலப்போக்குல ஒலி மட்டும் ஒண்ணா போயிடுச்சு). இதோட மூலம் இங்கிலீஷ், ஜெர்மன் எல்லாத்துக்கும் மூத்த ஆதி ஜெர்மானிக் மொழியோட *பெரனன், முதல் எழுத்த 'பாரம்'னு சொல்றப்போ வர்ற மாதிரி அழுத்தி சொல்லணும். முன்னாடி நட்சத்திரம் எதுக்குன்னா, இந்த வடிவம் எந்த ஏட்டுலயும் கிடைக்கல, அதே குடும்பத்து பழைய மொழிகள்ல, அதாவது 4ஆம் நூற்றாண்டு கோதிக் பைபிள்ல உள்ள சொல், பழைய நார்ஸ் 'பெரா', பழைய இங்கிலீஷ் 'பெரன்' இதெல்லாம் பக்கத்துல வச்சு பாத்து, இவங்க பாட்டி இப்படித்தான் இருந்திருப்பான்னு கட்டுனது.

பாட்டிக்கு வாரிசு நிறைய. பர்த், பர்டன், சவம் தூக்குற பாடைக்கு சொல்ற 'பியர்', சித்தாளு மண்ணு தள்ளுற வீல்பேரோல வர்ற பேரோ, எல்லாம் இந்த வீடுதான். ஜெர்மன்ல பாடைக்கு 'பாரெ'.

பாட்டிக்கும் ஒரு பாட்டி உண்டு, ஜெர்மானிக், லத்தீன், சமஸ்கிருதம் மூணுக்கும் மூத்த இந்தோ-ஐரோப்பிய மொழியோட *ப்ஹெர். அங்க இருந்த 'ப்ஹ' ஜெர்மானிக்ல வெறும் 'ப' ஆச்சு, லத்தீன்ல 'ஃப' ஆச்சு (டிரான்ஸ்ஃபர்ல வர்ற ஃபர் அதான்), சமஸ்கிருதத்துல அப்படியே நின்னு 'ப்ஹரதி', 'ப்ஹார'ன்னு வந்துச்சு. ஜெர்மானிக் மாத்தத்த 1822ல யாக்கோப் கிரிம் விதியாவே எழுதி வச்சாரு, ஆமா, தேவதைக் கதை தொகுத்த அதே கிரிம். அந்த சமஸ்கிருத 'ப்ஹார'தான் நம்மகிட்ட பாரம். பொண்டாட்டிய பாரியாள்னு சொல்றதும் இதே வேர்தான், 'வச்சு தாங்கப்பட வேண்டியவ'ன்னு அர்த்தம், இத வீட்ல சொல்லி வாங்கி கட்டிக்காதீங்க.

அப்போ நல்ல தமிழ்ல என்ன? வெறும் எடைக்கு சுமை போதும், ஆனா 'பேர்'க்கு சரியான ஜோடி 'பொறு'தான்னு நான் சொல்லுவேன். ஒரே வேர் கிடையாது, ஆனா அர்த்தம் அதே ரூட்ல போயிருக்கு: குறள்ல பொறையுடைமைன்னா பொறுமை, அதே குறள்ல நாடு அதிகாரத்துல 'பொறையொருங்கு'ன்னு வர்ற பொறை பாரம். புள்ளைக்கு மட்டும் 'சுமந்து பெத்தவ'ன்னு சுமைக்கு வந்துடுறோம். வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணு நினைவா அந்தக் காலத்துல ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லு நடுவாங்க, அவ இறக்கி வைக்க முடியாம போன சுமைக்காக வழிப்போக்கன் தலச்சுமைய அதுல இறக்கி வப்பான்.