பிங் பதில் வரவில்லையா? உடனே ரீபூட் செய்யாதீர்கள்

ரிவ்யூவுக்கு வரும் ஃபர்ம்வேரில் (நெட்டில் இணைந்த கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அடிக்கடி பார்ப்பது இது: 10 விநாடிக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு பாக்கெட்), தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் போர்டு ரீபூட். ஏன் என்று கேட்டால், "நெட் இருக்கா இல்லையான்னு வேற எப்படி சார் பார்க்கிறது?" என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல தொழிற்சாலைகளில் ஃபயர்வால், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையை அடைத்து வைத்திருக்கும். டேட்டா சர்வருக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே கருவி அரை நிமிடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும். அப்புறம், கேட்வேயின் (வெளி நெட்டுக்கு வழிவிடும் ரவுட்டர்) மேக் முகவரியை, அதாவது வன்பொருள் முகவரியை, ஏஆர்பி நெறிமுறை கண்டுபிடிக்கும் வரை முதல் பாக்கெட் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் பிங் தாமதமானால் அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்டபிள்யூஐபி (lwIP) என்ற, சிறு கருவிகளுக்கான நெட்வொர்க் ஸ்டாக்கில், பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் ரா ஏபிஐ வழியாகப் பிங் அனுப்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிங் கேள்வியான டைப் 8 எக்கோ ரிக்வெஸ்டை அனுப்பிவிட்டு, டைப் 0 பதிலுக்காக ஒரு கால்பேக்கைப் (பாக்கெட் வந்ததும் ஸ்டாக் அழைக்கும் நம் ஃபங்ஷன்) பதிவு செய்கிறோம். அதற்கு வருவது நம்முடைய பதில் மட்டுமல்ல. கருவிக்கு வரும் மற்ற ஐசிஎம்பி பாக்கெட்டுகளும் முதலில் அங்கேதான் வரும். கால்பேக் 1 திருப்பினால் பாக்கெட்டை நாம் எடுத்துக்கொண்டதாக அர்த்தம். 0 என்றால் மீதியை ஸ்டாக் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் 1 போட்டால், வெளியிலிருந்து யார் பிங் செய்தாலும் கருவி வாயே திறக்காது. நன்றாக ஓடும் போர்டை சைட்டில் இருப்பவர் 'டெட்' என்று கழற்றி அனுப்பிவிடுவார். நாம் அனுப்பிய ஐடியும் சீக்வென்ஸ் எண்ணும் பொருந்தினால் மட்டும் பிபஃபை (பாக்கெட் இருக்கும் மெமரி) விடுவித்து 1 கொடுங்கள். பொருந்தாவிட்டால், பார்ப்பதற்காக நகர்த்திய ஹெடரைப் பழைய இடத்திலேயே வைத்து 0. ரா ஏபிஐ அழைப்புகள் ஸ்டாக் ஓடும் டிசிபிஐபி த்ரெட்டிலிருந்தோ, ஸ்டாக்கின் கோர் லாக்கைப் பிடித்துக்கொண்டோதான் போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிம் போட்ட கருவி என்றால் செலவையும் பாருங்கள். 32 பைட் டேட்டாவோடு ஒரு பிங் 60 பைட், பதிலும் 60. 10 விநாடிக்கு ஒன்று என்றால் மாதம் சுமார் 30 எம்பி, வேலை எதுவும் நடக்காமலே.

எம்க்யூடிடி (சர்வரோடு செய்தி பரிமாறும் நெறிமுறை) ஓடும் கருவிக்கு, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் அதன் கீப்அலைவே போதுமான சாட்சி. அது நின்றால் முதலில் லிங்கைப் பாருங்கள், பிறகு கேட்வேயை, பிறகு சாக்கெட்டை மூடித் திறங்கள். ரீபூட் கடைசியில்தான், அதுவும் ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டி, காரணத்தை ஃபிளாஷில் எழுதிவிட்டு.