பெயருக்கு மட்டும் அந்தத் தடித்த எழுத்து

புடவைக் கடையோ கேக் கடையோ, மட்டக்களப்பில் எது புதிதாகத் திறந்தாலும் பெயர்ப்பலகைக்கு இப்போது கேட்பது ஒரே சாதி எழுத்தைத்தான். நிமிர்ந்த கோடுகள் பருத்து, வளைவுகள் மயிரிழையாக மெலிந்து, கோடு முடியும் இடத்தில் சிறு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த செரிஃப் எழுத்து. போனில் ஒரு படத்தைக் காட்டி, "மனே, இதே எழுத்தில எல்லாத்தையும் போட்டுத் தா" என்பார்கள். கடைப் பெயருக்குப் போடலாம், கம்பீரமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் போட்டால் காசு கரிதான்.

இத்தாலியின் பார்மா நகரில் அச்சகம் நடத்திய பொடோனி (1740–1813) தடிப்பையும் மெலிவையும் இப்படி எதிரெதிரே நிறுத்தியவர்களில் ஒருவர். அவருடைய எழுத்து நல்ல தாளில், கையில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எழுத்து வார்த்தவர்கள் அந்தத் தடிப்பை இன்னும் கொழுக்க வைத்துச் சுவரொட்டிக்குக் கொண்டுபோனார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் அப்ரில் ஃபாட்ஃபேஸ் என்ற எழுத்துரு அந்த வழியில் வந்தது. இவற்றை வரைகிறவர் இரண்டு மூன்று சொல்லைப் பெரிதாகப் போடுவதை மனதில் வைத்தே மெல்லிய கோட்டை அவ்வளவு மெலிய விடுகிறார், எழுத்துகளையும் நெருக்கி வைக்கிறார். அதையே முகவரி அளவுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடு காணாமல் போகும், தடித்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் அடிபடுவது தொலைபேசி இலக்கம். பிளேஃபெயார் டிஸ்பிளே எழுத்துருவில் இயல்பாக வரும் இலக்கங்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. நம் மட்டக்களப்புக் குறியீடான 065-ஐ அதில் அடித்துப் பாருங்கள்: 0 சின்ன ஓ போலக் குறுகி நிற்கும், 6 மேலே எழும்பும், 5 கோட்டுக்குக் கீழே இறங்கும். கல்யாணக் கார்டில் திகதிக்கு அது அழகு. கல்லடிப் பாலத்தால் இறங்கி மோட்டார் சைக்கிளில் வருகிறவர் ஓடும் ஓட்டத்தில் அந்த இலக்கத்தைப் பிடிக்கமாட்டார். ஒரே உயர இலக்கங்களும் அந்த எழுத்துருவுக்குள்ளேயே இருக்கின்றன. மென்பொருளில் எழுத்தின் மாற்று வடிவங்களைக் காட்டும் ஓப்பன்டைப் பகுதியில் போய்த் தெரிவுசெய்ய வேண்டும். அதைவிட, இலக்கத்துக்குச் செரிஃப் இல்லாத சாதாரண எழுத்தைப் போடுவதே என் வழக்கம். பொடோனி வகையில் 3, 8 இரண்டும் தூரத்தில் ஒன்றாகத் தெரிவது வேறு தலையிடி.

எதில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்டிக்கர் வெட்டும்போது மயிரிழைக் கோடு உரிக்கும்போதே கையோடு வந்துவிடும். தப்பினாலும் வெயிலில் முதலில் கிளம்புவது அதுதான். உள்ளே லைட் போட்ட பலகையில் வெளிச்சம் அந்தக் கோட்டை விழுங்கிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அச்சடித்தால் மை கசிந்து அதை மூடும். போன் திரையில் இது ஒன்றும் தெரியாது, அதனால்தான் வட்ஸ்அப்பில் 'ஓகே' சொன்ன டிசைன் பலகையில் ஏறியதும் முகம் மாறுகிறது. தடித்த செரிஃப்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு 1845இல் லண்டனில் வந்த கிளாரண்டன் வகையையோ, 1922இல் அமெரிக்காவில் வந்த கூப்பர் பிளாக்கையோ காட்டுகிறேன். இரண்டிலும் மெலிவு அவ்வளவு மெலிவில்லை, வீதிக்குத் தாங்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். மேலே சொன்ன ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. ஆங்கிலப் பெயர் கொழுத்து நிற்க, பக்கத்தில் தமிழ் ஏதோ ஒரு மெல்லிய எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும். உடனே 'போல்ட்' பொத்தானை அமத்துவார்கள். அந்த எழுத்துருவுக்கென்று தடித்த வடிவம் வரைந்திருக்காவிட்டால் மென்பொருள் கோட்டைச் சுற்றிவர ஒரே அளவில் ஊதிவிடும். ணை, ழு, இ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டும். 'ட்' எது, 'ட' எது என்று தெரியாத பெனர்களை அரசடிச் சந்தியில் நின்றே எண்ணலாம். முறையாகத் தடிப்பு வரைகிறவர் வெளிக்கோட்டை ஊதுவதில்லை, சுழியை அகலமாக்குவார், புள்ளிக்கு இடம் விட்டு மேலே தூக்குவார். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது நிலைகள் இப்படி வரையப்பட்டவை. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அதே குடும்பத்தில் எழுத்து இருப்பதால் மும்மொழிப் பலகையில் மூன்றையும் ஒரே கனத்தில் வைக்கலாம். ஸ்டைல் குறைவு என்பார்கள். இருக்கட்டும், மூன்று மொழியும் சமமாகத் தெரியும்.

கோயில் திருவிழா நோட்டீஸ் தனிக் கதை. நாள்வாரியாக உபயகாரர் பெயர்கள் நெருக்கமாக வரும்; கோயில் பெயரைத் தடிப்பில் வைத்து, மற்றதைச் சாதாரண கனத்தில் விட்டால்தான் அவரவர் தங்கள் பெயரைத் தேடிப் பிடிக்கலாம்.

அளவுக்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து. வீதிக்கு எதிர்ப்பக்கம் 60 அடி என்றால் ஆறு அங்குலம். தமிழில் க, ப, ம ஆகியவற்றின் உடலைத்தான் அளக்க வேண்டும், 'கி'யின் மேற்சுழியைச் சேர்த்து அல்ல. பலகைக்குக் காசு கட்ட முதல், பெயரின் இரண்டு எழுத்தையும் இலக்கத்தின் ஒரு துண்டையும் உண்மையான அளவில் ஏ4 தாள்களில் எடுத்து, கடை வாசலில் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். பின்னேரம் விளக்கு போட்ட பிறகும் ஒருமுறை.

இன்னொன்று: இணையத்தில் 'இலவசம்' என்று கிடக்கும் எழுத்துருக்களில் பல சொந்தப் பாவனைக்கு மட்டுமே. கடைப் பலகைக்கும் லோகோவுக்கும் எடுக்க முதல் கூட வரும் உரிமக் கோப்பை டிசைன் செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்ரில் ஃபாட்ஃபேஸ், பிளேஃபெயார், நோட்டோ மூன்றும் திறந்த உரிமத்தில் வருபவை. வியாபாரத்துக்கும் தாராளமாகப் பாவிக்கலாம்.