மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி: ஒரு சொல் விளக்கம்

யானை வேட்டையைப் பற்றி எந்த ஆவணப்படம் ஓடினாலும், ஆங்கில 'மஸில் லோடர்' (muzzle-loader) திரையின் அடியில் வரும் தமிழ் வரியில் "வாய்வழி ஏற்றும் துப்பாக்கி" என்று வந்துவிடுகிறது. பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கிக்கும் இதே பெயரை ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்த பீரங்கி அது. இத்தனை காலம் தாங்கியது இந்தப் பெயரையும் தாங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பொருள் எளியது. குழலின் பின்பக்கம் அடைபட்டிருக்கும். முன்முனை வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கிச் சுட வேண்டும். உலோகத் தோட்டா கிடையாது. துப்பாக்கி என்ற சொல் துருக்கியரின் 'துஃபெக்'. தெலுங்கில் துபாகி ஆகி நம்மிடம் வந்தது. தோட்டா உருது வழி வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

'வாய்வழி'க்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டால் கிளினிக்கில் தரும் மாத்திரையும் சிரப்பும்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கிக்குள் போவதற்கும் தமிழில் மருந்து என்றுதான் பெயர். ஆக "வாய்வழி மருந்து செலுத்தி யானையை வீழ்த்தினார்" என்று எழுதினால், கால்நடை மருத்துவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றுதான் வாசகர் நினைப்பார். போதாக்குறைக்கு, பழைய துப்பாக்கியில் 'பற்றுவாய்' என்று இன்னொரு வாயும் உண்டு. நெருப்பு உள்ளே பற்றும் சிறு துளை அது. எந்த வாய் வழி என்று யார் சொல்வது? 'முகவாய் ஏற்றி' என்று எழுதுகிறவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், மோவாயில் துப்பாக்கியை ஏற்றிவிட்டார்கள்.

'ஏற்றும்' என்பது அதைவிட மோசம். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றலாம். இந்தத் துப்பாக்கியின் உயிரோ இடித்து இறுக்குவதில் இருக்கிறது. அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: கெட்டித்தல். துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது பழைய வழக்கு. யாரும் குழு போட்டு உருவாக்கியதல்ல. மலாய்க்காரர்களும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். லந்தாக் என்றால் குத்தி இடிப்பது. துப்பாக்கி 'செனாப்பாங் லந்தாக்'. துப்பாக்கிக்கு அவர்களிடம் உள்ள பழைய சொல்லான 'பெடில்' நம்முடைய 'வெடில்' என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கொடுத்தவர்கள் நாம், மறந்தவர்களும் நாமே.

இடிப்பதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும்? செய்முறையைப் பார்த்தால் புரியும். முதலில் மருந்து போடாமல், அடித்தால் தீப்பொறி விடும் சிறு மூடியான 'கேப்பு' ஒன்றை மட்டும் வெடித்துத் துளையில் உள்ள எண்ணெயையும் ஈரத்தையும் போக்க வேண்டும். மருந்தை அளவுக் குப்பியால் அளந்து கொட்ட வேண்டும். மெழுகிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து குழல் முனையில் அழுத்தி, கோலால் ஒரே சீராகத் தள்ளி, மருந்தின்மேல் நன்றாக உட்காரும்வரை இறுக்க வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். அதனால்தான் கோலில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். கோடு குழல் முனைக்கு மேலே நின்றால் குண்டு இன்னும் இறங்கவில்லை, அல்லது உள்ளே ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறது. கேப்பு மாட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும்; அதில் ஒரு பகுதி குழலில் படியும். சில வெடிக்குப் பிறகு துடைக்காவிட்டால் அடுத்த குண்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை இதில் போட்டால் துப்பாக்கி சிதறிவிடக்கூடும்.

உள்ளே ஏற்கெனவே சுமை இருந்தால் என்ன ஆகும் என்பது 1870-களில் ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய செலூஸுக்குத் தெரியும். துப்பாக்கி வெடிக்கவில்லை, கூட வந்த ஆள் பழைய மருந்தை எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி கெட்டித்துக் கொடுத்தார். அடுத்த வெடியில் இரண்டு சுமையும் சேர்ந்து வெடித்து செலூஸைத் தூக்கி எறிந்தது. "இரட்டை ஏற்றம்" என்று எழுதினால் இது புரியுமா? "இரண்டு தரம் கெட்டித்தார்" என்றால் சட்டென்று புரியும்.

செலூஸின் அந்தத் துப்பாக்கியை ரைஃபிள் என்பதும் பிழை. அது வழவழப்பான குழல். உள்ளே புரி, அதாவது சுருள் பள்ளம், வெட்டிய குழல்தான் ரைஃபிள். இலங்கையில் வேட்டையாடிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் வைத்திருந்தது அப்படிப்பட்டது: 1840-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்ற துப்பாக்கிக் கம்மியர் செய்தது, எடை 21 ராத்தல், குழல் 36 அங்குலம், மருந்து ஒரு அவுன்ஸ், இரண்டே புரி, அவற்றில் பொருந்தப் பட்டை வைத்த 3 அவுன்ஸ் குண்டு. இதை 'மருந்து கெட்டிக்கும் புரித்துப்பாக்கி' என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் சுருக்கி 'கெட்டித் துப்பாக்கி' என்றால் உறுதியான துப்பாக்கி என்று பொருள்படும். 'நாட்டுத் துப்பாக்கி'யும் உதவாது; பிரிஸ்டலில் செய்தது எந்த நாட்டு நாட்டுத் துப்பாக்கி?

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கையில் வேட்டையும், ஆங்கில 'பிக் கேம்' (big game) என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'பெரிய விளையாட்டு' ஆகிவிடுகிறது. யானை, காண்டாமிருகம், நம் காட்டுச் செலாடாங் என்ற காட்டெருது எல்லாம் பெருவிலங்கு; பெருவிலங்கு வேட்டை என்று எழுத என்ன தடை? '4 போர்' (bore) என்பதைப் படைக்கலம் கண்ட நான்கு போர்களாக்கும் அபாயமும் உண்டு. அது குழல் துளையின் எண். ஒரு ராத்தல் ஈயத்தில் அந்தத் துளைக்கு எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதே கணக்கு: 4 என்றால் குண்டு கால் ராத்தல், 8 என்றால் 2 அவுன்ஸ், 16 என்றால் ஒரு அவுன்ஸ். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். 12-ஐ 4-ஐவிட மும்மடங்கு பெரிது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.