கையெழுத்துப் போடாதது மறுப்பு ஆகாது

சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் ஒரு பழைய கட்டடம். கீழே கடைகள், மேலே வீடுகள். கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையான அஞ்சடியில் நாலு எட்டு நடந்தால் மளிகை, மருந்து, கோப்பி எல்லாம் கிடைக்கும். அங்கே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அக்கா, என்-பிளாக், அதாவது கட்டடத்தை மொத்தமாக விற்கும் பேச்சு வந்தபோது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. “நான்தான் போடலையே தம்பி, அப்புறம் எப்படி விப்பாங்க?” என்றார். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் விற்பனை நோட்டீஸ் தமிழிலும் ஒட்டியிருந்தது. பதிவுத் தபாலும் வந்திருக்கிறது. மகன் வீட்டில் தங்கியிருந்ததால் வாங்கவில்லை. அவர் என்னிடம் கேட்ட அன்று, மறுப்புத் தெரிவிக்கும் கெடு முடிந்து 4 நாள் ஆகியிருந்தது.

2024 ஜூன் 23 அன்று மரின் பரேட் வழியாக எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. கடலோரத்துப் பழைய கட்டடங்களை இனி இன்னும் நிறையப் பேர் விலை கேட்பார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

சட்டம் இவ்வளவுதான்: 1999 முதல், கட்டடத்தை மொத்தமாக விற்க எல்லாரும் சம்மதிக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கு 10 வயது ஆகியிருந்தால் 80 விழுக்காட்டுச் சம்மதம் போதும், ஆகாவிட்டால் 90. ஆனால் இது தலை எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் கட்டடத்தில் ஒதுக்கிய பங்கு மதிப்பையும் பரப்பளவையும் வைத்துக் கணக்கிடுவார்கள், இரண்டிலும் தேற வேண்டும். மாடியில் பத்துப் பேர் தலையாட்டாவிட்டாலும் கீழே பெரிய கடைகள் வைத்திருப்பவர் கணக்கைத் தூக்கிவிடலாம்.

கையெழுத்து வழக்கறிஞர் முன்னால்தான் போட வேண்டும். அவர் விற்பனையை நடத்த உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த விற்பனைக் குழு அமர்த்தியவர், உங்களுக்காக வந்தவர் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே “இது வழக்கமான ஃபார்ம்தான்” என்றால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு பிரதி கேளுங்கள். பணத்தை யாருக்கு எவ்வளவு பிரிக்கிறார்கள் என்ற அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடையும் வீடும் கலந்த கட்டடத்தில் சண்டையே அங்கேதான் பிறக்கும். போட்ட பிறகு மனம் மாறினால் 5 நாள் அவகாசம் உண்டு, அதுவும் எழுத்தில். மேனேஜ்மென்ட் அலுவலக அண்ணனிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் செல்லாது.

சரி, போடவே இல்லை, விற்கவும் வேண்டாம் என்றால்? நோட்டீஸ் தேதியிலிருந்து 21 நாளுக்குள் இந்த விற்பனை விவகாரங்களைக் கவனிக்கும் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டில் எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும். யாரும் மறுக்கவில்லை என்றால் விற்பனை பெரும்பாலும் நேராகப் போய்விடும். அந்த அக்கா சும்மா இருந்ததை ‘வேண்டாம்’ என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸைப் பார்த்ததும் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துவிடுங்கள். தமிழில் ஒட்டிவிடுகிறார்கள், ஆனால் போர்டின் கவுண்டரில் போய்க் கேட்டால் “உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்” என்பார்கள். குழுவின் வழக்கறிஞர் “நீங்கள் என் கட்சிக்காரர் இல்லை” என்பார். இந்த அலைச்சலிலேயே ஒரு வாரம் போய்விடும். அதையும் 21-இல் கழித்துக்கொள்ளுங்கள்.

“இந்த வீட்டில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்” என்ற காரணம் மட்டும் மறுப்புக்கு நிற்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிகம் கிடைக்கிறது என்பதை மட்டும் வைத்து நட்டம் என்று சொல்லவும் முடியாது. நீங்கள் வாங்கிய விலையைவிடக் கையில் வருவது குறைவு என்றாலோ, வருகிற பணம் வீட்டுக் கடனை அடைக்கப் போதாது என்றாலோ, அதற்குச் சட்டத்தில் வலு உண்டு. கடன் கணக்கையும் வாங்கியபோது கொடுத்த ரசீதுகளையும் தேடி எடுங்கள். போர்டில் சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் உயர் நீதிமன்றம் போகும். அங்கே செலவு உங்கள் தலையிலும் விழலாம்.

அடுத்தது பணம். பத்திரிகையில் வரும் கோடிக் கணக்கைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கடன் போகும், வீடு வாங்க மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்) எடுத்தது வட்டியோடு உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திரும்பப் போகும், மிச்சம்தான் கையில் வரும். 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடு 4 ஆண்டுக்குள் விலைபோனால் விற்பவர் முத்திரை வரியும் உண்டு, என்-பிளாக் என்றாலும்.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்: தனியார் வீட்டை விற்றவர் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2022 செப்டம்பர் 30-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, நாலறை வீடோ அதைவிடச் சிறியதோ வாங்குபவர்களுக்கு விலக்கு. தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் வீவகவிடம் இன்றைய நிலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐம்பது வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு வாடகை வீடு தேடி அலைந்தவரை எனக்குத் தெரியும்.

வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓட்டு கிடையாது. ஒப்பந்தத்தில் ‘கட்டடம் விற்கப்பட்டால்’ என்று தொடங்கும் பத்தியைத் தேடிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மளிகைக்காரருக்கு அது எட்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: 2 மாத முன்னறிவிப்பு, இழப்பீடு இல்லை.