அப்பா 67, மகன் 14: ஒரே பேரு வச்ச ராய்ஸ் குடும்பத்தோட நம்பர் கணக்கு

2022 டிசம்பர்ல, ஜெர்மனில ஆட்சியக் கவுக்க சதி பண்ணதா சொல்லி ஒரு கும்பல போலீஸ் புடிச்சப்போ, நியூஸ்ல ரொம்ப அடிபட்ட பேரு இளவரசர் ஹைன்ரிச் 13. அட, அப்போ இவருக்கு முன்னாடி 12 ஹைன்ரிச் ராஜாவா இருந்திருக்காங்களான்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. அதெல்லாம் இல்ல. அந்த நம்பருக்கும் சிம்மாசனத்துக்கும் சம்பந்தமே கெடையாது, அது கிட்டத்தட்ட டோக்கன் நம்பர் மாதிரி.

குடும்பத்துப் பேரு ராய்ஸ். இப்போ துரிங்கியா மாநிலமா இருக்குற பக்கம் கிரைட்ஸ், கேரா, ஷ்லைட்ஸ்னு குட்டிக் குட்டி ஊருங்கள வச்சு ஆண்டவங்க. 12ஆம் நூற்றாண்டுல பேரரசர் ஆறாம் ஹைன்ரிச் புண்ணியத்துல இவங்களுக்கு ஃபோக்ட்னு ஒரு பதவி கெடச்சுது, அதாவது பேரரசர் சார்பா ஒரு பகுதியப் பாத்துக்கற வேலை (ஃபோக்ட்லாண்ட்னு அந்த ஏரியாவுக்கே அதுலேர்ந்துதான் பேரு வந்துச்சு). அந்த நன்றிக்குத்தான் ஆம்பளப் புள்ளைங்களுக்கு ஹைன்ரிச்னு பேரு வச்சாங்கன்னு சொல்லுவாங்க. மூத்தவனுக்கு மட்டும்னா பரவால்ல, எல்லாருக்கும். அண்ணன் ஹைன்ரிச், தம்பி ஹைன்ரிச், சித்தப்பா பையன் ஹைன்ரிச். 1668ல இத குடும்பச் சட்டமாவே ஆக்கிட்டாங்க.

ஆரம்பத்துல பட்டப்பேரு வச்சு சமாளிச்சாங்க. 1572ல, அப்பா செத்தப்பறம் பொறந்த ஒருத்தருக்கு போஸ்டுமுஸ்னு பேரு, அதுக்கு அர்த்தமே அதான். இவரு 1635ல சாகுறதுக்கு முன்னாடியே, தன் சவப்பெட்டில என்னென்ன பைபிள் வசனம் பொறிக்கணும்னு தானே எடுத்து வச்சுட்டாரு, அந்த வசனங்களுக்கு அடக்கத்தன்னைக்குப் பாட மெட்டுப் போட்டவரு ஷூட்ஸ், இவங்க ஆண்ட கோஸ்ட்ரிட்ஸ்லயே பொறந்த பெரிய இசைக்காரர். அவரு பேரும் ஹைன்ரிச்!

சரி, நம்பருக்கு வருவோம். 1564ல சொத்து மூணாப் பிரிஞ்சுது, நடு கிளை 1616லயே அத்துப்போச்சு, மிச்சம் ரெண்டு. கிரைட்ஸ்ல இருந்த மூத்த கிளைக்கு சுமார் 317 சதுர கிலோமீட்டர், கேரா பக்கம் இருந்த இளைய கிளைக்கு சுமார் 827. ரெண்டு பேரும் பொறக்குற ஒவ்வொரு பையனுக்கும் வரிசையா அடுத்த நம்பரக் குடுப்பாங்க, அவன் ஆண்டாலும் சரி, ஆளாட்டியும் சரி, தொட்டில்லயே செத்துப்போனாலும் அந்த நம்பர் அவனோடது. வித்தியாசம் எங்கன்னா, மூத்த கிளை 100 வரைக்கும் போயிட்டு திரும்ப 1லேர்ந்து ஆரம்பிக்கணும், இளைய கிளை நூற்றாண்டு மாறுனா ரீசெட்.

அதனாலதான் இளைய கிளைல 1789ல பொறந்தவரு 67, அவரு மகன் 1832ல பொறந்தவரு 14, பேரன் 27, கொள்ளுப்பேரன் 45. ரீசெட் தெரியாம பாத்தா தல சுத்தும். நியூஸ்ல வந்தவரும் இந்தக் கிளைதான், 1951ல பொறந்தவரு, 20ஆம் நூற்றாண்டு வரிசைல 13ஆவது.

எனக்குப் புடிச்சது இதுக்கப்பறம்தான். நம்பரையும் பொறந்த வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, அந்த வீட்டுல புள்ளைங்க எவ்ளோ வேகமா பொறந்துச்சுன்னு தெரிஞ்சுடும். 62 பொறந்தது 1785, 72 பொறந்தது 1797. பன்னெண்டு வருஷத்துல பத்துப் பசங்க! அடுத்த நூற்றாண்டுல 14க்கும் 27க்கும் நடுவுல 26 வருஷம், 1858ல பொறந்த 27லேர்ந்து 1895ல பொறந்த 45க்கு 37 வருஷம், ரெண்டுலயும் ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு ஒரு பையன்னு அப்படியே மாறாம போகுது. தனி ஜனத்தொகைப் பதிவேடே வேணாம், பேருலயே இருக்கு.

மூத்த கிளை கதை வேற. 1790ல பொறந்தவரு 19, 1878ல பொறந்தவரு 24. 88 வருஷத்துல அஞ்சே பேரு. இந்த ஸ்பீடுல 100ஐத் தொட இன்னும் 1300 வருஷத்துக்கு மேல ஆகும்! ஆனா அதுக்கு வழியே இல்லாம போச்சு. 24ஆவது ஹைன்ரிச்சுக்கு உடல் குறைபாடு, அதனால 1902லேர்ந்து அவரு பேருக்குத்தான் மன்னர், அவருக்காக ஆண்டது இளைய கிளைக்காரங்க. 1918ல ரெண்டு கிளையும் பதவி எழந்துச்சு, 1927ல 24 போய்ச்சேர்ந்ததோட மூத்த கிளையும் முடிஞ்சுது.

பொண்ணுங்களுக்கு நம்பரே கெடையாது. 24க்கு தங்கச்சிங்க இருந்தாங்க, அதுல ஒருத்தங்க ஹெர்மினே. இவங்க அப்பா 22ஆவது ஹைன்ரிச்சுக்கு, அப்போ ஜெர்மனில ஓங்கியிருந்த பிரஷ்ய அரசுன்னாலே ஆகாது, கடைசி வரைக்கும் முறுக்கிக்கிட்டே இருந்த மனுஷன். அவரு செத்து இருவது வருஷம் கழிச்சு, 1922ல, பதவி போய் ஹாலந்துல ஒதுங்கியிருந்த பிரஷ்ய மன்னரா, ஜெர்மன் கைசரா (பேரரசரா) இருந்த ரெண்டாம் வில்ஹெல்ம ஹெர்மினே ரெண்டாந்தாரமா கட்டிக்கிட்டாங்க.