ஜீவனாம்சம்: எதில் பங்கு?

‘ஜீவனம்’, ‘அம்சம்’ என்னும் இரு வடசொற்கள் சேர்ந்த இச்சொல்லுக்குப் பிழைப்புக்கான பங்கு என்பது நேர்ப்பொருள். கிரந்தம் தவிர்ப்போர் ‘சீவனாம்சம்’ என எழுதுவர். பெயரில் பங்கு இருந்தாலும், பழைய இந்துக் கூட்டுக் குடும்பத்தில் சொத்தில் பங்கு இல்லாதவர்களுக்குத்தான் இது கிடைத்தது. 1937-ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்துக்கு முன், மிதாட்சரம் என்னும் இந்துச் சட்ட மரபின்படி பாகம் பிரியாத குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு அவனுடைய பங்கு வந்து சேராது. உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றை மட்டுமே அவள் உரிமையாகக் கேட்க முடிந்தது.

ஓய்வூதியம் பெறுபவரைப் பிரிந்த பெண் ‘அவர் பென்ஷனில் எனக்குப் பாதி உண்டா?’ என்று கேட்கும்போது இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பங்கு அவருக்கு இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பின் வருமானம், சொத்து, இருவரின் நடத்தை ஆகியவற்றைப் பார்த்து, மொத்தமாகவோ மாதந்தோறுமோ ஒரு தொகையை நீதிமன்றம் விதிக்கலாம். கணவரும் இதைக் கேட்கலாம். அங்கே ஓய்வூதியம் வருமானமாகக் கணக்கில் வருகிறதே தவிர, பிரிக்கப்படும் சொத்தாக அல்ல. ஆகவே, பணியில் இருந்தபோது விதித்த தொகையை, ஓய்வுக்குப் பின் வருமானம் குறைந்ததைக் காட்டி மாற்றக் கோரவும் இடமுண்டு. அதற்காக ஓய்வூதியம் எட்டாத இடத்தில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் கடன்காரர்களின் ஜப்தியிலிருந்துதான் அதைக் காக்கிறது. ஜீவனாம்சம் கேட்கும் மனைவி கடன்காரர் அல்லர் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவாகவே கூறியிருக்கிறது.

பெரிதும் குழப்பப்படுவது குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசு ஊழியர் இறந்தால் அது வாழ்க்கைத் துணைக்குச் செல்லும். விவாகரத்துப் பெற்றவருக்குச் செல்லாது. ஆனால் அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளையின் தகுதி பெற்றோர் பிரிந்ததால் அழிந்துவிடுவதில்லை என்பதைத் தாய்மார்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

உண்மையான பங்கு இங்கிலாந்தில் உண்டு. 2000 டிசம்பர் முதல் அங்கே மணமுறிவின்போது நீதிமன்றம் ஓய்வூதிய உரிமையில் இத்தனை விழுக்காடு என்று வெட்டி மற்றவர் பெயருக்கே மாற்றலாம். அதை ‘ஓய்வூதியப் பங்கீடு’ எனலாம். ஜீவனாம்சம் என்று எழுதினால் பிழை.

இனித் தமிழ்ச் சொல். வழக்கிலுள்ள ‘பராமரிப்புத் தொகை’ பொருளைச் சரியாகத் தருகிறது. இலங்கைத் தமிழர் ‘தாபரிப்பு’ என்பர். ‘பிழைப்பூதியம்’ அழகான சொல்தான் என்றாலும், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் ஊழியருக்குத் தரும் தொகைக்கு அலுவலகங்கள் அதை வைத்துக்கொண்டுவிட்டன. பயணப்படி, அகவிலைப்படி என்ற வரிசையில் ‘வாழ்க்கைப்படி’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். பங்கு என்ற மயக்கத்தை அது தராது. மாதந்தோறும் ஒருவர் கைக்கு வந்து சேர வேண்டிய பணம் என்பதையும் சொல்லிவிடும்.