வானத்தை நோக்கிச் சுட்ட தோட்டா எங்கே போகிறது?

கொண்டாட்டங்களில் வானத்தை நோக்கிச் சுடப்படும் தோட்டா கீழே வரும்போது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, துப்பாக்கி எந்தக் கோணத்தில் பிடிக்கப்பட்டது என்பதுதான்.

ராணுவ ரைஃபிள் ஒன்றிலிருந்து, ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள தோட்டா நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் வெளிப்படுவதாகக் கொள்வோம். காற்றே இல்லாதிருந்தால் அது 34 கிலோமீட்டர் உயரம்வரை சென்று, புறப்பட்ட அதே வேகத்தில் திரும்பி வந்து தாக்கும். உண்மையில், காற்றின் தடை அதை 3 கிலோமீட்டருக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. இறங்கும்போதும் அதே தடை புவியீர்ப்பு விசைக்கு ஈடாகி, வேகம் ஓரளவுக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்கிறது.

1920-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர், புளோரிடாவில் நீர்ப்பரப்பின்மேல் மேடை அமைத்து இதைச் சோதித்தார். செங்குத்தாகச் சுடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட தோட்டாக்களில் நான்கு மட்டுமே மேடையில் விழுந்தன. மற்றவற்றைக் காற்று எங்கெங்கோ கொண்டுபோயிருந்தது. அவருடைய கணக்குப்படி, தோட்டா மேலேற 18 நொடிகளும் கீழிறங்க 31 நொடிகளும் ஆகின்றன. தரையை அடையும் வேகம் நொடிக்கு 90 மீட்டர். அடிப்பகுதி கீழாக விழுந்த தோட்டா, மென்மையான பைன் பலகையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே தடம் பதித்தது.

இந்தச் சோதனையைச் சொல்லிப் பலர் ஆறுதல் அடைவதுண்டு. ஆனால் மனிதத் தோலைத் துளைக்க நொடிக்கு 60 மீட்டர் வேகமே போதுமானது. தவிர, கூட்டத்தின் நடுவே உற்சாகத்தில் சுடுபவர் துப்பாக்கியை இம்மி பிசகாமல் செங்குத்தாகப் பிடிப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சரிவாகச் சுடப்பட்ட தோட்டா, தன் சுழற்சியை இழக்காமல், கூர்முனை முன்னோக்கியபடியே வளைந்து சென்று இறங்குகிறது. அந்த நிலையில் காற்றின் தடை குறைவு. கிடைமட்ட வேகத்தில் ஒரு பங்கும் எஞ்சியிருக்கும். சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், துப்பாக்கிச் சத்தமே காதில் விழாத ஒருவர்மீதும் அது பாயக்கூடும்.

1985 முதல் 1992 வரை லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றுக்கு, வானிலிருந்து விழுந்த தோட்டாவால் காயமுற்ற 118 பேர் வந்தனர். அவர்களில் 38 பேர் இறந்தனர். மேலிருந்து வருவதால் அடி பெரும்பாலும் தலையில் விழுகிறது. சுட்ட சத்தம் கேட்காததாலும் துளை சிறிதாக இருப்பதாலும், கல் பட்டதென்றோ கீழே விழுந்து அடிபட்டதென்றோ தொடக்கத்தில் எண்ணிவிட வாய்ப்புண்டு. ஊடுகதிர்ப் படம் எடுத்த பிறகே உள்ளே தங்கிய ஈயம் தெரியவரும். அதன் மேற்பரப்பில் துப்பாக்கிக் குழல் பதித்த வரிகளைக் கொண்டு எந்தத் துப்பாக்கி என்று கண்டறிய முடியும்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும்.